குரைப்பு எதிர்ப்பு அன்று

கீழ்ப்படிதல் பயிற்சியின் நடுவே துள்ளித் துள்ளிக் குரைக்கும் நாய் தன்னைக் கையாள்பவரை மிஞ்சி அவருடைய இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது என்றும், சோக் செயின் என்னும் கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டியோ, பிடரியைப் பற்றித் தரையில் அழுத்தியோ, வாயைக் கட்டியோ அந்தத் திமிரை அடக்கினாலன்றி அது ஓயாது என்றும் ஒரு கூற்று நாய் வளர்ப்போரிடையே தொடர்ந்து உலவி வருகிறது. எத்தனை முறை மறுக்கப்பட்டாலும், புதிதாக நாய் வாங்குபவரின் காதில் முதலில் விழுவது இதுவே. இது பிழையான கூற்று. அதைவிட, எந்தக் குரைப்பை நீக்கப் புறப்படுகிறதோ அதையே வளர்த்துவிடும் கூற்று.

இதன் வேர் நாயிடம் இல்லை, ஓநாயிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட ஆய்வு, அவை சண்டையிட்டுத் தலைமையைத் தீர்மானிப்பதாகச் சித்திரித்தது. 1970இல் வெளிவந்த, ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கின் நூல் அக்கருத்தைப் பரவலாக்கியது. பின்னர் காட்டு ஓநாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த அதே மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய ஒரு குடும்பமே என்றும், அங்கே தலைமை பெற்றோர் என்ற நிலையிலிருந்து வருகிறதேயன்றிப் போரிட்டு வெல்லப்படுவதில்லை என்றும் 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாதது என்று அதைப் பரப்பியவரே கைவிட்ட கொள்கையை, மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து மாறிவிட்ட நாயின் கழுத்தில் இன்னும் மாட்டிக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

குரைப்பு எதிர்ப்பின் அடையாளமன்று என்பதற்குப் பணிநாய்த் தேர்வுக் களமே சான்று. ஜெர்மனியில் தோன்றி இன்று ஐ.ஜி.பி. என்ற பெயரில் நடைபெறும் தேர்வின் பாதுகாப்புப் பகுதியில், மறைவிடத்தில் நிற்கும் ஆளைக் கண்டுபிடித்து, அவர் அசையாதவரை கடிக்காமல் விடாது குரைப்பதே நாயின் கடமை. கீழ்ப்படிதல் பகுதியிலோ கையாளரின் இடப்பக்கம் ஒட்டி நடக்கையில் குரைத்தால் மதிப்பெண் குறையும். ஒரே நாய் ஓரிடத்தில் குரைக்கவும் மற்றோரிடத்தில் அமைதி காக்கவும் கற்றுக்கொள்கிறது என்றால், அங்கே செயல்படுவது கற்றல்தான். கலகம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கற்றல் நடக்கும் கணத்தை அருகிருந்து பார்த்தால் உண்மை விளங்கும். கையாளரின் இடக்காலோரம் அமர்ந்த நாய் அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. சட்டைப் பையில் பந்து இருப்பது அதற்குத் தெரியும். முன்னங்கால்கள் மாறி மாறித் தரையை மிதிக்கின்றன, வாயோரம் முன்னுக்கு வருகிறது, மூச்சை இழுத்து மார்பு விரிகிறது, இரண்டு முறை குரைக்கிறது. உடனே கையாளர், ஒட்டி நட என்று பொருள்படும் "ஹீல்" கட்டளையைச் சொல்லி நடக்கத் தொடங்குகிறார். நாய் விரும்பியதும் அதுதான். உடலும் உள்ளமும் செயலுக்குத் துடிக்கும் இந்நிலையை எழுச்சி நிலை என்பர். எதிர்பார்த்தது வரத் தாமதமாகும்போது எழும் தவிப்பு அதனோடு சேர்ந்து குரலாக வெளிப்படுகிறது. அக்குரலுக்குப் பின் வேண்டியது கிடைத்துவிட்டால், அடுத்த முறை குரல் முன்னதாகவே எழும். பயன் தந்த செயல் மீண்டும் நிகழும் என்பதை உளவியலாளர் தார்ன்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு காட்டினார்; அதை விரிவாக்கிய ஸ்கின்னரின் மரபில், ஒரு செயலைப் பெருகச் செய்யும் விளைவு வலுவூட்டல் எனப்படுகிறது. பயிற்சியில் பந்தும் தின்பண்டமும் மட்டுமே வலுவூட்டல் என்று எண்ணுவதுதான் பெரும்பாலோரின் தவறு. துடிப்புள்ள நாய்க்கு அடுத்த கட்டளையே பரிசு.

தண்டனை இத்தவிப்பைத் தணிப்பதில்லை. அதன்மேல் வலியையும் ஏற்றுகிறது. போர்ச்சுகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், சுண்டுதல், அதட்டுதல் போன்ற முறைகளை மிகுதியாகக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல் முதலிய மன அழுத்தக் குறிகளை அதிகம் காட்டின; அவற்றின் உமிழ்நீரில் அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. வாயைக் கட்டுவதோ வெறும் கொடுமை. நாய் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைப்பதால்தான். தமிழ்நாட்டு வெயிலில் ஓடியாடிய நாயின் வாயைக் கயிற்றால் கட்டுபவர் அதற்கு வெப்பத்தாக்கு நேர வழிசெய்கிறார்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை கேட்பது. முதலில் பந்தை மைதானத்திற்குக் கொண்டுவராமல் சாதாரணத் தின்பண்டத்தோடு தொடங்க வேண்டும். நாய் குரைத்தவுடன் கட்டளை, பார்வை, நடை யாவும் நிற்க வேண்டும். இரண்டு விநாடி அமைதி வந்த பின்னரே அடுத்த கட்டளை. மார்பு விரிவதைக் காணும் கண் பழகிவிட்டால், குரைப்பு எழுமுன்பே, வாய் மூடியிருக்கும் கணத்திலேயே பரிசளிக்க இயலும். அப்பரிசையும் வீசி எறியாமல் வாயருகே தாழ்த்தித் தர வேண்டும். அமைதி நிலைத்த பின் கால அளவைச் சிறிது சிறிதாக நீட்டி, இறுதியில் பந்தைச் சேர்க்கலாம். பலனற்றுப்போன பழக்கம் மறையுமுன் சில வேளை ஓங்கி எழும்; அந்நேரத்தில் மனம் இளகிக் கட்டளை கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் குரைக்க வேண்டும் என்பதையே நாய் கற்கும்.

மற்ற நம்பிக்கைகள் நீண்ட மறுப்புக்கு உரியவை அல்ல. இறைச்சி தின்றால் குரைப்பு மிகும் என்பதற்கு அடிப்படை இல்லை. கருத்தடை செய்வதால் பயிற்சிக்கால எழுச்சி அடங்கிவிடாது. ஓடவிட்டுக் களைப்பாக்கினால் போதும் என்போர், நாள்தோறும் ஓடும் நாயின் தாங்குதிறன் கூடும் என்பதை மறக்கின்றனர். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் குழந்தையை அருகில் விடுவது அறிவீனம்.

தவறாகப் பயிற்றுவிக்கும் கையை நாயால் திருத்த முடியாது. சட்டம்தான் திருத்த வேண்டும். மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010இலேயே தடைசெய்துவிட்டது. இந்தியாவில் நாய் இனப்பெருக்கம் செய்வோர் 2017ஆம் ஆண்டு விதிகளின்படியும், செல்லப்பிராணிக் கடைக்காரர் 2018ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு பெற்றாக வேண்டும். பயிற்சியாளரை அவ்விதிகள் தொடவில்லை. ஒரு சங்கிலியும் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தால் எவரும் பயிற்சியாளர் ஆகலாம் என்ற நிலை ஒழிய, கற்றல் கோட்பாட்டில் தேர்வு எழுதித் தேறியவருக்கே உரிமம் என்ற விதியை மாநில விலங்குநல வாரியங்கள் கோரிப் பெற வேண்டும். அதுவரை, நாயை ஒப்படைக்குமுன் ஒரு வகுப்பையேனும் நேரில் நின்று பார்ப்பதும், அங்கே சங்கிலி சுண்டப்பட்டால் நாயை அழைத்துக்கொண்டு வெளியேறுவதும் வளர்ப்பவரின் கடமை.