நினைவு நாணயங்களும் நாங்களும்



கடையில் மீதிச் சில்லறை வாங்கியதும் எண்ணிப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள வழக்கம். எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கும் வழக்கம் எங்களில் பதினொரு பேருக்கு இரண்டு ஆண்டுகளாக ஏற்பட்டிருக்கிறது. இதற்குக் காரணம் எங்கள் வரலாற்று ஆசிரியை. ஒருநாள் வகுப்பில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னார். அதில் சிங்கத் தலைகளுக்கு மறுபுறம் அறிஞர் அண்ணாவின் முகம் இருந்தது. கீழே அவருடைய கையொப்பம், தமிழில்! 2009-இல் அவருடைய நூற்றாண்டிற்காக வெளியிடப்பட்ட நாணயம் அது. அன்று மாலையே நாங்கள் வீட்டு உண்டியல்களைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டோம்.

ஒரு பெரியாரை, ஒரு நிகழ்ச்சியை, ஒரு குறிக்கோளை நினைவூட்டும் பொருட்டு மத்திய அரசு சிறப்பு உருவத்துடன் வெளியிடுவது நினைவு நாணயம். விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது, 1964-இல் நேரு மறைந்தபின் வந்த ஐம்பது காசும் ஒரு ரூபாயும் ஆகும். 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டிற்கு இருபது காசு, ஐம்பது காசு, ஒரு ரூபாய் ஆகியவற்றோடு பத்து ரூபாய் வெள்ளி நாணயமும் வந்தது. அந்த வெள்ளி நாணயத்தின் எடை 15 கிராம். நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. காந்தி நாணயங்களில் வெளியிட்ட ஆண்டைத் தேடினால் கிடைக்காது. 1869–1948 என்று அவருடைய வாழ்நாள் மட்டுமே இருக்கும். இதை அறியாமல், '1948-ஆம் ஆண்டு நாணயம்' என்று எங்களில் ஒருத்தி அட்டையில் எழுதி ஒட்டி, பிறகு அழித்தாள்.

எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது உணவு நாணயங்களின் வரிசையே. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் தூண்டுதலால் பல நாடுகள் உணவையும் உழவையும் பற்றி நாணயங்கள் வெளியிட்டன. இந்தியா 1970-இல் 'அனைவருக்கும் உணவு' என்னும் கருத்தில் தாமரையும் கதிரவனும் பொறித்த மஞ்சள் நிற இருபது காசை வெளியிட்டது. 1973-இல் உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லும் ஐம்பது காசு. 1975-இல் பெண்கள் ஆண்டிற்காகச் சமத்துவம், வளர்ச்சி, அமைதி என்று பத்துக் காசு. 1979-இல் குழந்தைகள் ஆண்டு. 1980-இல் கிராமப் பெண்களின் முன்னேற்றம். நெல்லும் கரும்பும் விளையும் நம் கொம்யூனில், நாற்று நட்டுக் களை பறித்த கைகளுக்குத்தான் அந்த நாணயங்கள் கூலியாக வந்து சேர்ந்திருக்கும். 'கிராமப் பெண்' என்று எழுதிய காசைக் கிராமப் பெண் வாங்கி முந்தானையில் முடிந்திருப்பாள். அதில் எழுதியிருப்பதைப் படிக்க அவளுக்குத் தெரிந்திருக்குமோ? இந்தியும் ஆங்கிலமும்தானே அதில் இருந்தன.

தாமரை இருபது காசைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று பேச்சு உண்டாம். தட்டாரிடம் கொடுத்துத் தேய்த்து மோதிரம் செய்துகொண்டவர்களும் உண்டு என்கிறார்கள். அது வெறும் செம்பும் அலுமினியமும் கலந்த உலோகம். ஆனால் அந்த நம்பிக்கையால்தான் பலர் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தார்கள். எங்களுக்கும் மூன்று கிடைத்தன. பொய்யால் விளைந்த நன்மை!

1972-ஆம் ஆண்டு ஐம்பது காசு இந்திய விடுதலையின் வெள்ளிவிழாவைக் குறிப்பது. இதை எங்கள் தோழியின் பாட்டியிடம் காட்டியபோது, "நமக்கு அந்தக் கணக்கு இல்லம்மா" என்றார். உண்மைதான். 1954 மார்ச் 31 அன்று நம் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டு, இங்கேதான் தற்காலிக அரசு அமைக்கப்பட்டது. புதுச்சேரி ஆட்சி இந்தியாவிடம் வந்தது அவ்வாண்டு நவம்பர் 1-இல். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டு இத்தனையும் பேச நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட பழைய செப்புக்காசுகளில் ஒருபுறம் லில்லி மலரும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்ற பெயரும் இருந்தன. நம்முடைய 'துட்டு' என்னும் சொல்லையே அவர்கள் 'தூதூ' என்று தங்கள் காசுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்பதை அறிந்து வகுப்பு முழுவதும் சிரித்தோம்.

இனி, நாணயத்தைப் படிக்கும் முறை. ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை அக்கசாலை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஆகவே ஒரே நினைவு நாணயத்தில் மூன்று நான்கு வகை சேர்க்கலாம். கழுவுதல் மட்டும் கூடாது. முதல் மாதத்தில் நாங்கள் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் ஒரு காந்தி இருபது காசைத் துலக்கினோம். பளபளவென்று வந்தது, பெரியவரின் மூக்குக்கண்ணாடிதான் தேய்ந்துபோயிற்று.

சேர்ப்பதற்கு அரியவற்றையே தேட வேண்டும் என்பதில்லை. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டிற்காக வள்ளுவர் உருவத்துடன் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. காமராசர், தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு, புனித அல்போன்சா, அன்னை தெரசா ஆகிய ஐந்து ரூபாய் நாணயங்கள் சில்லறையிலேயே கிடைத்தன. 2022 டிசம்பரில் ஸ்ரீ அரவிந்தருக்காக வெளியிட்டது போன்ற உயர்மதிப்பு நாணயங்கள் புழக்கத்திற்கு வருவன அல்ல. அக்கசாலையிடம் பணம் கட்டி வாங்க வேண்டும். அவை அழகானவை. ஆயினும் யார் கையிலும் புரளாத நாணயத்தின்மீது எங்களுக்கு அவ்வளவு ஆசை எழவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு எங்களுக்கு வேறொரு வகையிலும் உதவியது. விடுமுறை நாளொன்றில் எங்கள் தோழி ஒருத்தி பேருந்தில் பத்து ரூபாய் நாணயம் கொடுத்தாள். 2015-இல், காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டிற்காக வந்தது அது. "இது செல்லாதும்மா, உருவமே வேற மாதிரி இருக்கு" என்று நடத்துநர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு பணம் இல்லாததால் அவள் மதுக்கரையிலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தாள். மறுநாள் அழுதுகொண்டே அந்த நாணயத்தை எங்கள் பெட்டியில் போடச் சொன்னாள். பத்து ரூபாய் நாணயம் பதினான்கு உருவங்களில் வெளிவந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 சனவரியிலேயே அறிவித்திருந்தது. நாங்கள் எங்களிடமிருந்த பத்து ரூபாய் நாணயங்களை ஓர் அட்டையில் வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டையும் காரணத்தையும் தமிழில் எழுதி, பள்ளி அருகிலுள்ள பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசை அறையைத் திறந்து, வாங்க ஆளில்லாமல் தாம் ஒதுக்கிவைத்திருந்த பதினேழு நாணயங்களைக் கொட்டினார். அவற்றில் கயிறு வாரியத்தின் அறுபதாம் ஆண்டு நாணயம் இரண்டு இருந்தன! ஒன்றைப் பத்து ரூபாய்த் தாள் கொடுத்து மாற்றிக்கொண்டோம். இப்போது அந்தக் கடையில் பத்து ரூபாய் நாணயம் வாங்குகிறார்கள்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நாணயத்திற்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகத் தொலைபேசியில் ஆசை காட்டி, முதலில் கமிஷன் கட்டச் சொல்லும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இத்தகைய மோசடியை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் காதுத் தோட்டை அடகு வைத்து அந்தக் கமிஷனைக் கட்டப் புறப்பட்டபோது, தடுத்து நிறுத்தியவள் எங்கள் சங்கத்தின் மிகச் சிறிய உறுப்பினர், ஆறாம் வகுப்புக்காரி. பெரியம்மாவிடம் இருந்தது காந்தி ஐம்பது காசு.

இருபத்தைந்து காசும் அதற்குக் கீழானவையும் 2011 சூன் மாதத்தோடு செல்லாமற் போயின. ஆகவே உணவு வரிசையின் சிறு காசுகளை இனிச் சில்லறையில் எதிர்பார்க்க முடியாது. சுருக்குப் பைகளிலும் அஞ்சறைப் பெட்டிகளிலும்தான் தேட வேண்டும். 1979-ஆம் ஆண்டுக் குழந்தைகள் ஆண்டின் பத்துக் காசு, ஓரம் வளைந்து வளைந்து பூப்போல இருக்கும் அலுமினிய நாணயம், எங்கள் அட்டையில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. பண்டசோழநல்லூரில் ஒரு பாட்டியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். காட்டினார், தரவில்லை. அந்த ஆண்டில்தான் அவருடைய மூத்த மகள் பிறந்தாளாம்.