படத்துக்குப் பேர் வைக்கிறது யாரு?

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு வைக்கிறது சுலபம். என்ன செஞ்சோமோ அதையே கொஞ்சம் நீட்டி எழுதினால் போதும், கைடும் ஒத்துக்குவார். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. 'அம்மா' என்று எழுதிவிட்டால், பார்க்கிறவர்கள் அம்மாவை மட்டும்தான் பார்ப்பார்கள். சுவரின் சாம்பல் நிறமும் உடையின் கறுப்பும் யார் கண்ணிலும் படாது.

இந்த விஷயத்தில் பிடிவாதமாக நின்றவர் ஜேம்ஸ் விஸ்லர். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1871-ல் தன் அம்மாவைப் பக்கவாட்டில் உட்காரவைத்து வரைந்தார். அதற்கு அவர் வைத்த பேர், 'சாம்பல், கறுப்பில் ஓர் அமைப்பு, எண் 1'. பெத்த அம்மா படத்துக்கு இப்படியா பேர் வைப்பாங்கன்னு தோணும். ஆனால் அவர் வாதம் வேற: அது என் அம்மா என்பது எனக்கு முக்கியம், பார்க்கிறவருக்கு எதற்கு? நிறமும் வடிவமும் சரியாக உட்கார்ந்திருக்கா என்று மட்டும் பாருங்க. சாகித்யம் இல்லாத ஆலாபனையைக் கேட்டுவிட்டு 'இது யாரைப் பற்றிய பாட்டு?' என்று யாரும் கேட்கிறதில்லையே, அந்த மாதிரி.

அதனாலதான் சிம்பொனி, ஹார்மனி என்று இசையிலிருந்தே பேர்களை எடுத்தார். தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளுக்கு 'நாக்டர்ன்' (இரவுக்கான இசை வடிவம்) என்ற பேரைச் சொல்லிக் கொடுத்தது அவரிடம் படம் வாங்கிய பிரெடெரிக் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி. பியானோ வாசிக்கிற ஆள். இந்தப் பேர் விமர்சகர்களை எரிச்சல்படுத்துகிறது என்று சந்தோஷமாக அவருக்கே நன்றிக் கடிதம் எழுதினார் விஸ்லர்!

எரிச்சல் கோர்ட் வரைக்கும் போச்சு. வாணவேடிக்கையை வரைந்த 'கறுப்பு, தங்க நிற நாக்டர்ன்' படத்தை 1877-ல் ஜான் ரஸ்கின் மோசமாகத் திட்டி எழுத, விஸ்லர் அவதூறு வழக்கு போட்டார். சாட்சிக் கூண்டில் நின்று 'நாக்டர்ன்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. 1878-ல் ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் ஏற்கெனவே இருந்த கடனும் சேர்ந்து அடுத்த வருஷமே திவாலானார்.

எல்லாரும் இவ்வளவு யோசிக்கிறதில்லை. மோனே, 1874 பாரிஸ் கண்காட்சி கேட்டலாக்குக்குப் பேர் கேட்டபோது, 'இதை லெ ஹாவ்ர் துறைமுகக் காட்சின்னு சொல்ல முடியாது, இம்ப்ரெஷன்னு போடுங்க' என்ற அளவில்தான் முடித்ததாகப் பின்னால் சொன்னார். 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று பேர் வந்தது. லூயி லெரோய் அதைக் கிண்டல் செய்து எழுதப்போய், ஒரு ஓவிய இயக்கத்துக்கே பேர் கிடைத்துவிட்டது.

ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642) அவர் வைத்த பேரே இல்லை. மேலே பூசிய வார்னிஷ் நாள்பட்டுக் கறுத்ததில், பகல் காட்சி இரவாகத் தெரிந்தது. பின்னால் சுத்தம் செய்தபோது வெளிச்சம் திரும்பி வந்தது, பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஜாக்சன் பொல்லாக் 1940-களின் கடைசியில் படங்களுக்கு நம்பர் போட ஆரம்பித்தார், நம்ம ரோல் நம்பர் மாதிரி. அதுவும் முழுசா நடக்கலை. 'எண் 1, 1950' படத்துக்கு விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் சொன்ன 'லாவெண்டர் மூடுபனி' என்ற பேர்தான் இன்றைக்கும் எல்லார் வாயிலும் இருக்கு.