எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியை அறிந்த எவரும் இதுவரை சிரமமில்லாமல் வந்துவிடுவார்கள். தடுமாற்றம் அடுத்த படியில்தான். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் கிடைக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் திறன் கிடைக்கிறது. மின்தடை கூடினால் திறன் குறையும் என்கிறது முதல் வாய்பாடு. கூடும் என்கிறது இரண்டாவது. இதில் எதை நம்புவது? அனுபவத்தில் நான் தெளிந்த விடை இது: கணக்கில் இறங்குமுன், அந்தச் சுற்றில் எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் கீசரை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர், மின்தடை சுமார் 26.5 ஓம். அதற்குள் சூடேறும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. ஆகவே மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் திறன் சுமார் 1510 வாட்டாகிவிடும். மின்னழுத்தத்தில் 13 சதவீதம் குறைந்ததற்குத் திறனில் 24 சதவீதம் போய்விட்டது. இதனால் மின்சாரம் மிச்சமாகிறது என்று எண்ணவும் கூடாது. அதே தண்ணீர் அதே சூட்டை எட்ட கீசர் கூடுதல் நேரம் ஓடியாக வேண்டும்.

இப்போது அதே கீசரின் பிளக்கில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 26.5 ஓமுக்கு முன் அரை ஓம் சிறியது, மின்னோட்டம் 8.5 ஆம்பியருக்குக் கீழே அதிகம் இறங்காது. இங்கே மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது கீசர்தான், இணைப்பு அல்ல. எனவே மின்னோட்டத்தின் வர்க்கத்தை அரை ஓமால் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 36 வாட். சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னை மிஞ்சும் வெப்பம் ஒரு ஸ்க்ரூவின் முனையில் தேங்குகிறது. பிளக் கருகுவதும் சாக்கெட் உருகுவதும் இதனால்தான். சர்க்யூட் பிரேக்கரும் இதைத் தடுக்காது, மின்னோட்டம் கூடவில்லையே.

எல்லா வாய்பாடும் ஒன்றுதானே, எதைப் போட்டாலும் ஒரே விடைதானே என்று கேட்கலாம். அளந்த மூன்று எண்களும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்துக்கு உரியவை என்றால் அது சரி. ஒன்று மாறினால் மற்றவை என்ன ஆகும் என்று கணிக்கும்போதுதான் பிழை நுழைகிறது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறியபின் மல்டிமீட்டர் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். அங்கே மின்தடையே நிலையானதல்ல. மாறுமின்னோட்டத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா என்ற கேள்வியும் நியாயமானது. ஹீட்டருக்குச் செல்லும். மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது. திறன் காரணியாலும் பெருக்க வேண்டும்.

ஆகவே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கருவி ஓடும்போதே அளவிடுங்கள். மின்னோட்டத்துக்குக் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பானது. மின்தடையை நேரடியாக அளப்பதானால் இணைப்பைத் துண்டித்த பிறகே அளவிடுங்கள். கீசர் பிளக் தொட்டால் சுடுகிறது என்றால், அதற்குமேல் ஓட்டாமல் நிறுத்தி, எலெக்ட்ரீஷியனை அழைத்து இணைப்பை இறுக்கச் சொல்லுங்கள்.