சோதனைகளுக்கும் சோதனை வேண்டும்

செல்சியஸ் அளவைப் பாரன்ஹீட்டாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்ட வேண்டும். 100 கொடுத்தால் 212 வர வேண்டும். 0 கொடுத்தால் 32. ஒவ்வொரு முறையும் இதை நாமே தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலையையும் கணிப்பொறியிடமே விட்டுவிடலாம். நிரலின் ஒரு சிறு பகுதியை இவ்வாறு சரிபார்க்கும் இன்னொரு நிரலுக்கு அலகுச் சோதனை என்று பெயர். 'விடை 212-க்குச் சமமாக இருந்தே ஆக வேண்டும்' என்று அதில் அடித்துச் சொல்லும் வரியே உறுதிக்கூற்று.

பைதான் மொழியில் இதற்கென 'யூனிட்டெஸ்ட்' என்னும் தொகுப்பு உண்டு. சமமா என்று சோதிக்க அதில் மூன்று பெயர்கள் வழங்கிவந்தன: அசர்ட்ஈக்வல், அசர்ட்ஈக்வல்ஸ், ஃபெயில்அன்லெஸ்ஈக்வல். மூன்றின் வேலையும் ஒன்றே. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது நிகண்டுக்கு அழகு, நிரலுக்குத் தொல்லை. ஆகவே முதற்பெயரை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கைவிடுமாறு 2011-க்குள்ளாகவே அறிவித்துவிட்டார்கள். பலரும் எச்சரிக்கையைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12 பதிப்பில் பழைய பெயர்கள் அடியோடு நீக்கப்பட்டன.

பழைய சோதனையைப் புதிய பதிப்பில் ஓட்டினால் என்ன ஆகும்? 'அப்படியொரு பெயரே இல்லை' என்று பிழை வரும். விடை தவறானால் 'எஃப்' என்ற எழுத்தும், சோதனையே நடக்க முடியாமற்போனால் 'ஈ' என்ற எழுத்தும் திரையில் தோன்றும். இங்கே வருவது 'ஈ'. உங்கள் வெப்பநிலை நிரலில் குற்றமில்லை, வெப்பமானிதான் உடைந்திருக்கிறது!

திருத்துவது எளிது போலத் தோன்றும். அசர்ட்ஈக்வல்ஸ் என்பதன் கடைசி எழுத்தை நீக்கினால் போதும். ஆனால் 'அசர்ட்' என்பதன்பின் ஓர் அடிக்கோடு மட்டும் உள்ள பழைய பெயரும் ஒன்று உண்டு. அதற்குப் பதில் இப்போது அசர்ட்ட்ரூ. கோப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு நல்ல பெயர்களும் சிதைந்துபோகும். திறப்பு அடைப்புக்குறியையும் சேர்த்துத் தேடினால் தப்பலாம்.

இதைவிடப் பொல்லாத பிழை ஒன்று உண்டு. அது சத்தமே போடாது. அவசரத்தில், சமமா என்று பார்க்க வேண்டிய இடத்தில் அசர்ட்ட்ரூ என்று எழுதி, நிரலின் விடையையும் 212-ஐயும் உள்ளே கொடுத்துவிட்டீர்கள். அசர்ட்ட்ரூ முதல் மதிப்பை மட்டுமே சோதிக்கும். இரண்டாவதை, தோல்வியின்போது காட்டவேண்டிய செய்தி என்று எடுத்துக்கொள்ளும். சுழியல்லாத எந்த எண்ணும் அதற்கு 'உண்மை'யே. 32-ஐக் கூட்ட மறந்த நிரல் 180 என்று சொன்னாலும் சோதனை வெற்றி என்றே காட்டும். தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெறுவது போல!

ஆகவே, பெயர்களை மாற்றியபின் சோதனை வெற்றி பெற்றதும் எழுந்து போய்விடாதீர்கள். நிரலில் 32-ஐ வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். 'எஃப்' வர வேண்டும். வந்தபின் 32-ஐத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கேள்வி: அசர்ட்ட்ரூவைத் தவறாகப் பயன்படுத்திய அதே சோதனையில் 100-க்குப் பதில் 0 டிகிரியைக் கொடுத்திருந்தால், 32-ஐ மறந்த நிரல் பிடிபட்டிருக்குமா? காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.