ஒரே பெயர், இரண்டு உருவம்

கணிப்பொறியின் நினைவகத்தில் எண், பெயர், பட்டியல் யாவும் இருமக் குறிகளாகவே இருக்கின்றன. அவற்றைப் படிக்கத்தக்க எழுத்துத் தொடராக மாற்றினால்தான் திரையில் நாம் காண முடியும். இது மிக எளிய வேலை என்றே நானும் எண்ணியிருந்தேன். பொன்னம்மாள் பெரியம்மாவின் 500 ரூபாய் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு என்னிடம் வந்தது. மாதம் 100 ரூபாய் சேமிப்பு. ஏழு மாதக் கணக்கை நானும், ஐந்து மாதக் கணக்கை வேறொரு விசைப்பலகை முறையில் என் நண்பனும் தட்டச்சு செய்தோம். பைத்தான் மொழியில் நான் எழுதிய நிரல், பெரியம்மா 700 ரூபாய்தான் கட்டியிருக்கிறார், பாக்கி 500 என்றது.

"ஒரு மாசம்கூட விடலையே, கண்ணு" என்றார் பெரியம்மா. நோட்டும் அவர் பக்கமே பேசியது. ஆனால் குழுவினர் நம்பியது நான் கொண்டுவந்த தாளைத்தான்.

பெயர்களை அச்சிட்டுப் பார்த்தேன். அவர் பெயர் இரண்டு முறை வந்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. அப்போதுதான் ஒரு மதிப்பை எழுத்தாக்கப் பைத்தானில் மூன்று வழிகள் இருப்பதைப் படித்தேன்.

முதலாவது 'எஸ்.டி.ஆர்.'. இது பயன்படுத்துவோர் கண்ணுக்கானது. 5 என்னும் எண்ணையும், 5 என்னும் எழுத்தையும் ஒன்றுபோலவே காட்டும்.

இரண்டாவது 'ரெப்ர்'. இது நிரல் எழுதுவோருக்கானது. எழுத்துத் தொடராயின் மேற்கோள் குறியிட்டுக் காட்டும். பெயரின் பின்னே ஒட்டிய வெற்றிடமும் அதனால் வெளிப்பட்டுவிடும். நாமே உருவாக்கும் வகுப்புக்கு இதை எழுதி வைக்காவிடில், வகுப்பின் பெயரும் நினைவக முகவரியுமே கிடைக்கும்.

ரெப்ர் கொண்டு பார்த்தேன், வெற்றிடம் இல்லை. 2008இல் வந்த பைத்தான் 3 முதல், ரெப்ர் தமிழ் எழுத்தைத் தமிழாகவே காட்டுகிறது. எனவே வேறுபாடு இன்னும் தெரியவில்லை.

மூன்றாவது 'ஆஸ்கி'. இது ஆங்கில எழுத்து வரிசையில் அடங்காத ஒவ்வொன்றையும் அதன் யூனிகோடு எண்ணாகவே காட்டும். இங்கேதான் குட்டு வெளிப்பட்டது! 'பொ' என்பதில் வரும் 'ொ' குறியை 3018 என்னும் ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என இரண்டு எண்களாலும் எழுதலாம். (ஆஸ்கி இவற்றைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும், நான் பதின்ம எண்களில் தந்துள்ளேன்.) கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு இரண்டு பெண்கள்!

இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்கல் முறை யூனிகோடிலேயே உண்டு. எல்லாப் பெயர்களையும் அதன் வழியே செலுத்தினேன். பெரியம்மாவின் கணக்கில் 1200 ரூபாய் சரியாக நின்றது. அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

திரையில் தெரிவது மதிப்பு அன்று. மதிப்பின் ஓர் உருவமே. நண்பர்களே, நிரலில் ஐயம் எழுந்தால் அழகிய உருவத்தை விட்டு உள்ளுருவத்தைக் கேட்டுப் பாருங்கள். நாம் அச்சிடும் தாளைப் படிக்க இயலாதவர்களும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம்.