டயர் ஏன் உருகாது?



உடைந்த பிளாஸ்டிக் குடத்தைப் பழைய சாமான்காரர் எடைக்கு வாங்கிக்கொண்டு போகிறார். அதை உருக்கி மறுபடியும் குடமோ வாளியோ செய்துவிடலாம். ஆனால் தேய்ந்துபோன டயரை உருக்கிப் புது டயர் செய்ய முடியாது. இரண்டுமே பலபடிகள்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் யாருக்கும் புதுசு இல்லை. எங்க அம்மா பால் வெட்டப் போறவங்க. விடியும் முன்னாடியே வெட்டணும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிகளாக மிதக்கிறது. துளிகளைச் சுற்றிப் புரதம் இருக்கிறது, அதில் எதிர் மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை ஒட்டுவதில்லை. ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் அந்த மின்சுமை போய்விடும், பால் கட்டியாகும். தயிர் மாதிரி என்று சொன்னால் அம்மா சிரிப்பாங்க. ஆனால் உண்மையிலேயே அப்படித்தான். தயிரில் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது, இங்கே நாம ஊற்றுகிறோம். சிரட்டையில் தானாக உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலில் பாக்டீரியாவே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது.

கட்டியானதை மிஷினில் அழுத்தி, புகை போட்டுக் காய வைத்தால் ஷீட். இதோடு வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த ஷீட்டை அப்படியே வெட்டிச் செருப்பு செய்தால் வெயிலில் பிசுபிசு என்று ஒட்டும், கடுங்குளிரில் விறைத்துப் போகும். 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் சாமான் செய்து விற்ற கம்பெனிகள் இதனால்தான் நொடித்துப்போயின.

அப்போது சார்லஸ் குட்இயர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீருவேன் என்று இறங்கினார். கடன் வாங்கி வாங்கி ஆராய்ச்சி செய்தார், கடனுக்காகச் சிறைக்கும் போனார். (எனக்கு அவர் வீட்டுக்காரம்மாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.) 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது அது உருகவில்லை, தோல் மாதிரி ஆகிவிட்டது. 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஆனாலும் 1860-இல் இறக்கும்போது அவர் கடனாளிதான். அவர் பெயரில் இருக்கிற டயர் கம்பெனி 1898-இல் வேறு ஆட்கள் தொடங்கியது, பெயர் மட்டும்தான் அவருடையது.

அந்த அடுப்பில் என்ன நடந்தது? ரப்பர் மூலக்கூறு என்பது ஐசோபிரீன் என்ற சின்ன அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீளமான நூல். பச்சை ரப்பரில் இந்த நூல்கள் சிக்கலாக, ஆனால் முடிச்சு இல்லாமல் கிடக்கின்றன. சூடானால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதுதான் பிசுபிசுப்பு. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது, கந்தக அணுக்கள் ஒரு நூலுக்கும் பக்கத்து நூலுக்கும் நடுவே பாலம் போடுகின்றன. நூல்குவியல் வலையாகிவிடுகிறது. கடற்கரையில் மீன் வலையை இழுத்துப் பாருங்கள், இழுத்தால் நீளும், ஆனால் நூல் தனியாகக் கழன்று வராது. இதற்குப் பெயர் வல்கனைசிங்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அளவுதான். 100 கிலோ ரப்பருக்குச் சுமார் 2 கிலோ கந்தகம் போட்டால் இழுபடும் ரப்பர். 30 கிலோவுக்கு மேல் போட்டால் முடிச்சுகள் நெருங்கி, இழுக்கவே முடியாத கட்டை. அதுதான் எபோனைட்! கம்பளியில் தேய்த்து மின்சுமை காட்டுவார்களே, அந்தத் தண்டு. ஒரே மரத்துப் பால், கந்தகம்தான் கூடக்குறைய. கந்தகம் மட்டும் போட்டால் வேக மணிக்கணக்காகும். 1906-இல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற வேதியியலாளர் அனிலீன் சேர்த்து வேகத்தைக் கூட்டினார். அது விஷம் என்பதால் பிறகு வேறு முடுக்கிகள் வந்தன, இப்போது நிமிடக்கணக்கில் முடிகிறது. டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. அது கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள், தரையில் உரசும் பகுதியில் 100 கிலோவுக்கு 50 கிலோ அளவுக்குக்கூடப் போடுவார்கள். அது இல்லாவிட்டால் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குடத்தின் நூல்களுக்கு நடுவே முடிச்சு இல்லை, அதனால் உருகுகிறது. டயரில் எல்லாம் முடிச்சு. எவ்வளவு சூடாக்கினாலும் வலை வழுக்காது, கடைசியில் நூலே அறுந்து கருகும். சைக்கிள் டியூப்பில் ஓட்டை விழுந்தாலும் இதே கதைதான். உருக்கி அடைக்க முடியாது. அதனால்தான் சைக்கிள் கடை அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வேறு துண்டை ஒட்டுகிறார். பழைய டயரைப் பொடியாக்கி ரோட்டுத் தாரில் கலக்கலாம், மேலே புது ரப்பர் ஒட்டி ஓட்டலாம். உருக்க மட்டும் முடியாது.

எரிக்கலாமே என்பீர்கள். மழைக்காலத்தில் விறகு நனைந்திருந்தால், நம்மில் பல வீடுகளில் டியூப் துண்டு வைத்துத்தான் அடுப்புப் பற்ற வைக்கிறோம். குட்இயர் போட்ட கந்தகம் அப்போது என்ன ஆகும்? ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடு ஆகும். அந்த வாயு தொண்டை ஈரத்தில் கரைந்தால் கந்தச அமிலம். மூக்கு எரிந்து, கண்ணில் நீர் வருவது அதனால்தான். கரித்தூளும் புகையோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போகும். எங்க பாட்டிக்கு இளைப்பு உண்டு, அடுப்படிக்குப் பக்கத்தில்தான் படுப்பாங்க. இதைப் படித்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். இப்போது எங்க வீட்டுப் பரணில் காய்ந்த ஓலையும் சிரட்டையும் மழைக்கென்றே தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். சிரட்டை பற்றக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் பிடித்துக்கொண்டால் நன்றாக நின்று எரியும்.