குடித்து ஓட்டிய வழக்கா? "ஆமாம்" சொல்லுமுன் யோசியுங்கள்



போன மாதம் டிராக்டர் ஓட்டும் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். மருந்துக்கு அல்ல. கையில் மலாயில் எழுதிய குற்றச்சாட்டுத் தாள். "ராத்திரி குடிச்சது, டிரெஸ்ஸரய்யா. தூங்கி எழுந்து, கோப்பி குடிச்சிட்டுத்தான் மோட்டார் சைக்கிள எடுத்தேன். கோர்ட்டுல ஆமான்னு சொல்லிட்டா அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாமாமே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. கள்ளோ, சம்சுவோ, பீரோ, எதுவானாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கழிக்கும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 150 இருந்தால் காலை 6 மணிக்கும் 60 இருக்கும். கோப்பியும் குளியலும் எலுமிச்சைச் சாறும் அதைக் குறைக்காது.

இனி சட்டம். 2020 அக்டோபரில் வரம்பு 80-லிருந்து 50 மில்லிகிராமாகக் குறைந்தது. மூச்சுச் சோதனையில் 22 மைக்ரோகிராம். வரம்பை மீறி ஓட்டினால், முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் பறிப்பு. உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் சிறை 10 முதல் 15 ஆண்டு. மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

பிடிபட்டால் செய்ய வேண்டியவை:

1. சண்டை போடாதீர்கள். தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுப்பது தனிக் குற்றம்.

2. கைதுக்குக் காரணம் கேட்கவும், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

3. வாக்குமூலம் எடுக்கும்போது, உங்கள் மேலேயே குற்றம் வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பொய் சொல்லாதீர்கள்.

4. கோர்ட்டில் மலாய் புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

5. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே தண்டனை வரலாம். 10,000 ரிங்கிட்டுக்குக் கீழே அபராதம் இறங்காது. குடும்ப நிலையைச் சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும். சோதனை முறைப்படி நடந்ததா என்று வழக்கறிஞர் பார்ப்பார். எது நல்லது என்பதை அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். தீர்ப்பில் குறையிருந்தால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

"வக்கீலுக்குப் பணமேது?" என்பீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் (யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்) வருமானம் குறைந்த குடிமக்களுக்கு உதவுகிறது. தாளை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் சங்கக் கிளைச் செயலாளரிடம் போங்கள். அவர் வழி காட்டுவார்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவர் லாக்கப்பில் திடீரென்று குடி இல்லாமல் போனால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். அதைப் போலீசாரிடம் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தத் தோழர் இப்போது வழக்கறிஞரைப் பார்த்துவிட்டார். வழக்கு எப்படி முடியும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் புரியாமல் தலையாட்டி லைசென்ஸை இழக்க மாட்டார். உங்களுக்கு அந்தத் தாளே வராமலிருக்க ஒரே வழிதான்: குடித்த இரவில் சாவியை மனைவியிடம் கொடுங்கள், மறுநாள் காலையிலும் உடனே திருப்பிக் கேட்காதீர்கள்.